கண்டேன் என்று எழுதுவதற்கு முன்



எங்கள் மூத்த மகள் ஆலிமாவின் முன் அமர்ந்து இறுதி ஜுஸ்வை ஓதி முடித்த அன்று வீட்டில் அழாதவர் எவருமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, நான்காண்டுகள் ஹிஃப்ழு மதரஸாவுக்கு அனுப்பியதற்காக எங்களை ஏசியவர்களும் அன்று இனிப்போடு வந்து துஆ செய்து சென்றார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இனிப்புப் பெட்டிகள் காலியாவதற்குள்ளேயே அடுத்த கேள்வி வாசலில் வந்து நின்றது: பத்தாம் வகுப்பை எப்படி முடிக்கப் போகிறாள்?

ஹாஃபிழ் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இக்கேள்வி புதிதன்று. அவற்றுள் பல ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற பெயரில் 1989இல் நடுவணரசு தொடங்கி, 2002இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்று பெயர் மாற்றிய என்ஐஓஎஸ் வாரியமே அக்கதவு. பதினான்கு வயது நிரம்பிய பிள்ளை நேரடியாகப் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு உண்டு. ஐந்தாண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். ஒரு பாடத்தில் தேறிவிட்டால் அது தேறியதுதான். மற்றவற்றை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். மனனத்தை மறவாமலிருக்க நாள்தோறும் தவ்ர் ஓதவேண்டிய ஒரு பிள்ளைக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை நாங்கள் அறியவில்லை.

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் நம்முடையதே. குறைந்தது ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்கள் போதும். அரபும் உண்டு, தமிழும் உண்டு. கணிதம், அறிவியலும் தொழில்நுட்பமும், சமூக அறிவியல், பொருளியல், வணிகவியல், மனையியல், உளவியல், ஓவியம் என்று நீளும் அட்டவணையை எங்கள் மகள் உணவகத்துப் பட்டியலைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் எவரும் அவளிடம் “உனக்கு எது வேண்டும்?” என்று கேட்டதில்லை.

சிக்கல் அறிவியலில் இருந்தது. அதை எடுத்தால் செய்முறையும் ஒட்டிக்கொண்டு வரும். பாட மையத்தின் ஆய்வுக்கூடத்துக்குச் செல்ல வேண்டும். ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு முன்னரே செய்முறைத் தேர்வு நடக்கும். செய்முறை வேண்டாமென்றால் அறிவியலையே விட்டுவிட்டு, அதனிடத்தில் வணிகவியலையோ உளவியலையோ வைத்துக்கொள்ளலாம். சான்றிதழில் ஐந்து பாடங்கள் ஐந்து பாடங்களாகவே இருக்கும். எவரும் குறை சொல்லப் போவதில்லை.

விண்ணப்பத்தை நிரப்ப எங்களுக்கு நான்கு வாரங்கள் இருந்தன. அந்நான்கு வாரங்களும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

முதலில் உறவினர்களிடம் மஷ்வரா செய்தோம். அவர்கள் கூறியவற்றுள் நியாயமானவையும் இருந்தன, சிரிப்பை வரவழைத்தவையும் இருந்தன. தவளையை அறுக்கச் சொல்வார்களே, அது கூடுமா என்று பெரியம்மா ஒருவர் கவலைப்பட்டார். பத்தாம் வகுப்பில் தவளையும் இல்லை, கத்தியும் இல்லை என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. மச்சான் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: “வணிகவியல் எடுத்தால் எண்பதுக்குக் குறையாது. அறிவியலில் ஐம்பது வருமா என்பதே ஐயம். மூன்றாண்டுகள் கழித்துப் பெண் கேட்டு வருபவர்கள் மதிப்பெண்ணைப் பார்ப்பார்களா, எந்தப் பாடம் என்று பார்ப்பார்களா?” அவர் கணக்கில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. கேள்விதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருந்தது. பத்தாம் வகுப்பில் அறிவியலை விட்டுவிட்ட பிள்ளை, மேல்நிலையில் அறிவியல் பிரிவு கேட்டுப் பள்ளிகளின் வாசலில் நின்றால் கதவு எளிதில் திறக்காது. புதுச்சேரியில் இதன் பொருள் இன்னும் கனமானது. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கிய ஊர் இது. அதன் வழிவந்து 1964இல் ஜிப்மர் என்று பெயர் பெற்ற மருத்துவமனையின் வரிசையில் நிற்காத குடும்பம் எங்கள் வீதியில் இல்லை. பெண் மருத்துவரிடம் காட்ட வேண்டுமென்று நம் பெண்கள் அங்கே விடிகாலையிலிருந்து காத்திருக்கிறார்கள். அம்மருத்துவர் எந்த வீட்டிலிருந்து வரவேண்டும் என்று மட்டும் நாம் யோசிப்பதில்லை. எங்கள் மகள் மருத்துவராகப் போகிறாள் என்று சொல்லவரவில்லை. பதினைந்து வயதில், அவளைக் கேளாமலேயே ஒரு கதவைச் சாத்திவிடுகிறோமோ என்ற அச்சம் இருந்தது.

அச்சத்துக்குக் காரணமும் உண்டு. எங்களில் ஒருவருக்கு அக்கதவு முன்னொரு காலத்தில் சாத்தப்பட்டது. பத்தாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும், “லேப் முடிய ஐந்து மணி ஆகும், பெண் பிள்ளை இருட்டில் வரக்கூடாது” என்ற ஒரே சொல்லில் வேறு பிரிவில் சேர்க்கப்பட்டார். சொன்னவர் அன்பு மிகுந்த தகப்பனார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. அன்றைய பேருந்து வசதிக்கு அவருடைய அச்சம் பொய்யுமன்று. எனினும் அந்த ஐந்து மணி எங்கள் வீட்டுப் பேச்சில் இன்றளவும் அடிபடுகிறது.

எங்களில் மற்றவருடைய கதை வேறு. அவர் அறிவியல் பிரிவில் படித்தவர். ஆனால் மேல்நிலையில் தாம் செய்ததாக ரெக்கார்டில் எழுதிய சோதனைகளுள் பாதியை அவர் கண்ணாலும் கண்டதில்லை. முந்தைய ஆண்டு மாணவனின் நோட்டைப் பார்த்து, படம் உட்பட, அளவீடு உட்பட, எழுதியவர். இதைப் படிக்கும் பெற்றோரில் எத்தனை பேர் இப்போது புன்னகைக்கிறீர்கள் என்பதை எங்களால் ஊகிக்க முடிகிறது.

பாட மையத்துக்கு நேரில் சென்று விசாரித்தோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். அது ஒன்றுக்கு மட்டும் உரிய குறையுமன்று. மேசையில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். அறிவியல் எடுப்பதில் தயக்கம் என்றதும் சிரித்தார். “செய்முறைக்காகவா யோசிக்கிறீங்க? அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க பாய். ரெக்கார்டு எழுதின நோட்டு எங்ககிட்டேயே இருக்கு. பாப்பா அதைப் பார்த்து எழுதிட்டுத் தேர்வன்னைக்கு வந்தாப் போதும், மிச்சத்தை நாங்க பார்த்துக்குவோம்” என்றார். ஆய்வுக்கூடத்தைப் பார்க்கலாமா என்றோம். சாவி வைத்திருப்பவர் அன்று வரவில்லை.

திரும்பி வரும்போது எங்களுக்கு முதலில் தோன்றியது நிம்மதிதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. போக்குவரத்துக் கவலை தீர்ந்தது. ஐந்து மணிக் கவலை தீர்ந்தது. அறிவியலும் சான்றிதழில் ஏறிவிடும். பெரியம்மாவின் தவளையும் பிழைத்தது.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு மகளிடம் விவரத்தைச் சொன்னோம். அவள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, “அத்தா, ஓதிக் காட்டாமல் ஆலிமா யாருக்காவது சபக் கொடுப்பாங்களா?” என்று கேட்டாள்.

நாங்கள் பதில் சொல்லவில்லை. அவள் கேட்டதன் கனம், ஹிஃப்ழு செய்த பிள்ளைகளின் வீட்டாருக்குப் புரியும். குர்ஆனை அச்சிட்ட முஸ்ஹஃபிலிருந்து தனியே அமர்ந்து மனனம் செய்துவிட இயலும் என்று எவரும் எண்ணலாம். ஆனால் எந்த மதரஸாவும் அதை ஏற்பதில்லை. ஆசிரியரின் முகத்துக்கு முன் அமர்ந்து, அவர் காது கேட்க ஓதி, திருத்தம் பெற்று, மீண்டும் ஓதிய பின்னரே அடுத்த பாடம். தன் நான்காண்டுகளில் ஒரு நாளும் ‘ஓதியதாக வைத்துக்கொள்வோம்’ என்ற சலுகையை அவள் பெற்றதில்லை. அப்படிப்பட்ட பிள்ளையிடம், செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதென்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நம் மார்க்க அறிவின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பெயர் உண்டு. ஹதீஸ் கலை அறிஞர்கள், ஓர் அறிவிப்பாளர் “நான் செவியுற்றேன்” என்று சொல்வதற்கும், வெறுமனே “இன்னாரிடமிருந்து” என்று சொல்வதற்கும் இடையே வேறுபாடு கண்டார்கள். முன்னது ‘ஸமிஃது’, பின்னது ‘அன்’. தாம் நேரில் கேளாததை, கேட்டதுபோல் தோன்றும் சொல்லால் அறிவிப்பதற்குத் தத்லீஸ் என்று பெயரிட்டார்கள். ஷுஃபா இப்னுல் ஹஜ்ஜாஜ் (ரஹ்) போன்ற பேரறிஞர்கள் அதை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். தத்லீஸ் செய்பவர் என்று அறியப்பட்டவர், மற்றபடி நம்பகமானவராயினும், “செவியுற்றேன்” என்று தெளிவாகச் சொன்னாலன்றி அவருடைய அறிவிப்பை ஏற்கத் தயங்கினார்கள். ரெக்கார்டு நோட்டில் ‘காண்பன’ என்றொரு கட்டம் இருக்கிறது. ‘அளவீடுகள்’ என்றொரு அட்டவணை இருக்கிறது. காணாமல் அக்கட்டத்தை நிரப்புவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இது ஃபத்வா அன்று. நாங்கள் ஆலிம்களும் அல்லர். எங்கள் மனத்தைக் குத்தியதைச் சொல்கிறோம்.

ஆகவே எங்கள் முன் இருந்தவை இரண்டு வழிகள் அல்ல, மூன்று: அறிவியலை விட்டுவிடுவது, அறிவியலை எடுத்து, செய்ததாக எழுதுவது, அறிவியலை எடுத்து, உண்மையிலேயே செய்வது. நடுவிலுள்ளதை அன்றிரவே தள்ளிவிட்டோம். மற்ற இரண்டில் எது என்று இன்னும் தெரியவில்லை.

இஸ்திகாரா செய்யும்படி மகளிடம் சொன்னோம், நாங்களும் செய்தோம். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரியின் ஹதீஸிலிருந்து, நபி (ஸல்) அவர்கள் எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாரா செய்யும் முறையை, குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்பிப்பது போன்ற அக்கறையோடு தம் தோழர்களுக்குக் கற்பித்தார்கள் என்று அறிகிறோம். எல்லாக் காரியங்களிலும் என்றால் திருமணமும் வீடு வாங்குவதும் மட்டுமல்லவே. விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதும் காரியம்தான். நம் வீடுகளில் இஸ்திகாரா என்றவுடன் கனவை எதிர்பார்க்கும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. பெரியம்மாவும் மறுநாள் காலையில் தொலைபேசியில், “என்ன கண்டாள்?” என்றுதான் கேட்டார். ஒன்றும் காணவில்லை. நன்றாகத் தூங்கினாள். விசாரிக்க வேண்டியதை விசாரித்து, கேட்க வேண்டியவர்களைக் கேட்டு, நன்மையை அல்லாஹ்விடம் வேண்டி, பிறகு ஒரு பக்கம் அடியெடுத்து வைப்பதே அதன் முறை என்று எங்கள் பள்ளிவாசல் இமாம் விளக்கியிருந்தார். அதன்படி அடியெடுத்து வைத்துப் பார்த்தோம்.

அந்த வாரத்தில் ஒரு மாலை கடற்கரைச் சாலையில் நடந்தபோது மகளிடம் லெ ஜாந்தியின் கதையைச் சொன்னோம். புதுச்சேரியில் வளரும் பிள்ளைகளுக்கு நேரு வீதியும் ஞாயிறு சந்தையும் தெரிந்த அளவுக்கு அந்த மனிதரைத் தெரிவதில்லை. கீயோம் லெ ஜாந்தி பிரெஞ்சு வானியலாளர். 1761இல் வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்வதைக் காணப் புதுச்சேரிக்குப் புறப்பட்டு வந்தார். வழியிலிருக்கும்போதே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. நிகழ்வு நடந்த நாளில் அவர் ஆடும் கப்பலில் இருந்தார், அளவெடுக்க இயலவில்லை. அடுத்த வாய்ப்பு எட்டு ஆண்டுகள் கழித்து. ஊர் திரும்பாமல் காத்திருந்தார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்துகிடந்த கோட்டையின் சிதைவுகளிடையே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். காத்திருந்த காலத்தில் தமிழர்களின் வானியல் கணக்கு முறையையும் இங்குள்ளவர்களிடம் கற்றுக்கொண்டார். 1769 ஜூன் 4 காலை, வெள்ளி சூரியனைக் கடந்த அந்த நேரத்தில் மட்டும் மேகம் மூடியது. எல்லாம் முடிந்த பின் வெயில் அடித்தது. 1771இல் பிரான்சு திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக அறிவித்துச் சொத்தைப் பங்குபோட முனைந்திருந்தார்கள்.

மகள் கேட்டாள்: “அவர் நினைத்திருந்தால், பார்த்ததாகவே எழுதியிருக்கலாமே? கூட யாரு இருந்தா?”

எழுதியிருக்கலாம். வெள்ளி எப்போது சூரியனைத் தொடும், எப்போது விலகும் என்ற கணக்கு அவரிடம் முன்னரே இருந்தது. காணவில்லை என்றே எழுதினார். அவருடைய மார்க்கம் வேறு, நாடு வேறு, வந்த காரணம் வேறு. எனினும் ‘காண்பன’ என்ற கட்டத்தை வெறுமையாக விடும் துணிவை எங்கள் ஊர் மண்ணில் நின்று காட்டியவர் அவர். நம்மவர்களின் கட்டுரைகளில் இப்னுல் ஹைதம், ஜாபிர் இப்னு ஹய்யான் பெயர்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. இப்னுல் ஹைதம் இருட்டறை ஒன்றின் துளைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றாக மறைத்து, சுவரில் எந்த ஒளிப்பொட்டு அணைகிறது என்று பார்த்தவர். பார்த்தவர் என்பதில்தான் பொருள் இருக்கிறது. அவருடைய பெயரை மேடையில் முழங்கும் நாம், நம் பிள்ளைகளிடம் நோட்டைப் பார்த்து எழுதச் சொல்கிறோம்.

விண்ணப்பத்தில் அறிவியலைக் குறித்தோம்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. எங்களுக்கு அடுத்த வீதியில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர் இருக்கிறார், கிறிஸ்தவ அம்மையார். அவரிடம் சென்று கேட்டோம். ஒரு பிள்ளைக்காக வரமாட்டேன், இன்னும் இருவரையாவது சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்றார். மதரஸாவில் உடன் ஓதிய இருவரின் பெற்றோரிடம் பேசினோம். ஒரு வீட்டில் உடனே சம்மதம். மற்றொரு வீட்டில் மூன்று முறை செல்ல வேண்டியிருந்தது. பாட மையத்துக்குக் கடிதம் கொடுத்தோம்: ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், லுஹருக்குப் பின் மூன்று மணி நேரம், ஆய்வுக்கூடத்தைத் திறந்துதர வேண்டும், ஆசிரியையை நாங்கள் அழைத்து வருகிறோம். மேசையில் இருந்தவர் கடிதத்தை இருமுறை படித்தார். “இது வரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லைங்க” என்றார். கேட்டதும் தந்தார் என்பதையும் நீதிக்காகச் சொல்ல வேண்டும். சாவிக்காரரும் வந்தார். அறையைத் திறந்தபோது முதல் ஞாயிறு முழுதும் தூசி தட்டுவதிலும் சோதனைக் குழாய்களைக் கழுவுவதிலும் கழிந்தது.

மற்ற பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் சிலவற்றைக் குறிப்பிடுகிறோம். சுடருக்கு அருகில் வேலை செய்யும் நாளில் பருத்தி ஹிஜாப் மட்டுமே அணிய வேண்டும். செயற்கை இழைத் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முனைகளை மேலங்கிக்குள் செருகிவிட வேண்டும். அகலமான கைகளை முழங்கை வரை இழுத்துக் கட்ட ஒரு ரப்பர் வளையம் போதும். மூன்று பெண்கள், ஓர் ஆசிரியை மட்டுமே அறையில் இருந்ததால் இதில் தடையிருக்கவில்லை. அஸருக்குப் பக்கத்து வகுப்பறையின் மூலையில் விரிப்பு ஒன்றை வைத்துக்கொண்டார்கள். இலையில் மாவுச்சத்தைக் காட்டும் சோதனைக்கு, பச்சையத்தை நீக்க இலையைச் சாராயத்தில் வேகவைக்க வேண்டும். அது எளிதில் தீப்பிடிப்பது, ஆகவே நேரடியாகச் சுடரில் வைக்காமல் கொதிநீருக்குள் வைத்துத்தான் சூடாக்குவார்கள். சாராயம் என்றவுடன் மூன்று வீட்டிலும் கலக்கம். இமாமிடம் கேட்டோம். குடிப்பதற்கன்றிப் பாடத்துக்காகக் கையாள்வதில் குற்றம் பிடிக்கவில்லை. கையிலோ உடையிலோ பட்டால் தொழுகைக்கு முன் கழுவிக்கொள்ளச் சொன்னார். உங்கள் பகுதி ஆலிமிடம் நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்த நாளன்று மகள் வீட்டுக்கு ஓடி வந்தாள். கண்ணாடித் தகட்டில் வட்ட வட்டமாகக் கருப்பு விளிம்போடு அழகாகச் செல்களைக் கண்டு, மூவரும் படமே வரைந்துவிட்டார்களாம். ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் காற்றுக்குமிழி” என்றாராம். மூடுவில்லையைச் சாய்த்து மெதுவாக இறக்கி மீண்டும் செய்தபோதுதான் செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் தெரிந்திருக்கின்றன. முதலில் வரைந்த பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாள். கிழிக்க வேண்டாம், கீழே ‘காற்றுக்குமிழி’ என்று எழுதிவை என்று சொல்லியிருக்கிறார் அந்த அம்மையார். ஆலிமாவும் முஸ்ஹஃபில் தடுமாறிய இடங்களை இப்படித்தான் பென்சிலால் குறித்துவைக்கச் சொல்வார் என்றாள் மகள்.

ஓமின் விதியில் தகராறு வந்தது. மின்னழுத்தம் கூடக் கூட மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூட வேண்டும். வரைபடத்தில் நேர்கோடு வரவேண்டும். கடைசி இரண்டு புள்ளிகள் கோட்டைவிட்டு விலகி நின்றன. உடனிருந்த பிள்ளை ரப்பரால் அழித்துப் புள்ளிகளைக் கோட்டின்மேல் ஏற்றிவிட்டாள். எங்கள் மகள் ஏற்றவில்லை. மின்சாரத்தை நெடுநேரம் ஓடவிட்டதால் கம்பி சூடேறி, தடை கூடியிருக்கிறது என்று ஆசிரியை விளக்கினார். சுற்றை அணைத்து, ஆறவிட்டு மீண்டும் அளக்க நேரமில்லை. மக்ரிபுக்குள் வீடு திரும்ப வேண்டும். அப்படியே எழுதினாள், காரணத்தோடு. அன்றிரவு எங்களில் ஒருவர் அவளிடம், தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். கேட்டவர் பழைய நோட்டைப் பார்த்து எழுதியவர். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

குழியாடியின் சோதனையை வீட்டிலேயே செய்தோம். தொலைவிலுள்ள பொருளின் பிம்பத்தைத் தாளில் விழச்செய்து, ஆடிக்கும் தாளுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்தால் அதுவே குவியத் தொலைவு. மொட்டைமாடியின் அறைக்குள், சன்னலை நோக்கி ஆடியைப் பிடித்து, தாளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தாள். மங்கலாகத் தெரிந்த ஒளிக்கறை திடீரென்று கூர்மையடைந்தது. எங்கள் பள்ளிவாசலின் மினாரா, விரல்நுனி அளவில், தலைகீழாக, தாளில் நின்றது. அதைச் சுற்றிப் பறந்த புறாக்களும் தெரிந்தன. பதினைந்து சென்டிமீட்டர். தம்பி தங்கைகள் எல்லோரும் முண்டியடித்துப் பார்த்தார்கள். பெரியம்மாவும் அன்று வந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “சுப்ஹானல்லாஹ், இதுதான் லேபா?” என்றார்.

இறந்தவற்றை நீ எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டுமாறு இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைவனிடம் கேட்ட செய்தி அல்பகரா அத்தியாயத்தின் 260ஆம் வசனத்தில் வருகிறது. நம்பவில்லையா என்று வினவப்பட்டபோது, நம்புகிறேன், உள்ளம் அமைதிபெறவே கேட்கிறேன் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். மகள் அவ்வசனத்தை எத்தனையோ நூறு முறை ஓதியிருப்பாள். அன்றிரவு தவ்ர் ஓதும்போது அவ்விடத்தில் சற்றே நின்று, மீண்டும் ஒருமுறை ஓதியதை அடுத்த அறையிலிருந்து கேட்டோம். குழியாடியோடு அதற்குத் தொடர்புண்டா, மறதியால் நின்றாளா என்று கேட்கவில்லை.

ஆறு ஞாயிறுகளில் எல்லாச் சோதனைகளையும் செய்ய முடியவில்லை. இரண்டு விடுபட்டன. ஒரு நாள் மழை, ஒரு நாள் ஆசிரியைக்குக் காய்ச்சல். ரெக்கார்டில் அவ்விரண்டுக்கும் உரிய பக்கங்களில் தலைப்பும் நோக்கமும் மட்டும் இருக்கின்றன. மையத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “இதையும் நிரப்பிடச் சொல்லுங்களேன்” என்றார். அவள் நிரப்பவில்லை. செய்முறையில் முழு மதிப்பெண் வரவில்லை. அது இதனாலா, ஓமின் விதியின் இரண்டு புள்ளிகளாலா, வாய்மொழிக் கேள்விகளில் தடுமாறியதாலா என்று தெரியாது. மொத்தத்தில் அறிவியலில் அறுபத்தொன்று. மச்சான் சொன்ன ஐம்பதைவிடப் பதினொன்று கூடுதல், எண்பதைவிடப் பத்தொன்பது குறைவு. இரண்டையும் அவர் எங்களுக்கு நினைவூட்டினார்.

இப்போது இரண்டாமவனின் முறை. அவனும் இவ்வாண்டு ஹிஃப்ழை முடித்திருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். பாடப் பட்டியலை அவன் முன் வைத்திருக்கிறோம். மாமாவின் கடையில் உட்கார்ந்து பழகியவன்; வணிகவியல் எடுக்கப் போவதாகச் சொல்கிறான். “எனக்குச் சோதனைக் குழாய் வேண்டாம், கல்லாப்பெட்டி போதும்” என்கிறான். அக்காள் தன் ரெக்கார்டு நோட்டை எடுத்துவந்து, காற்றுக்குமிழிப் பக்கத்தைத் திறந்து அவன் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். விண்ணப்பத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன. இரண்டு ரக்அத் தொழுதுகொள்ளும்படி அவனிடமும் சொல்லியிருக்கிறோம்.